பாட்டி சொன்ன வார்த்தை

பாப்பா,

நேத்து போன்ல நீ கேட்டதுக்கு சரியா பதில் சொல்லல, பாட்டி போனதுக்கு துக்கம் கேக்க வந்தவங்க ஹால்ல உக்காந்திருந்தாங்க. லீவு ஃபாரத்துல 'பெரீவ்மெண்ட்'னு (bereavement, சாவு துக்கம்) இருக்கு, மேனேஜருக்கு மெயில் போடும்போது 'பெரீவ்ட்'னு (bereaved) எழுதறதா 'பெரெஃப்ட்'னு (bereft) எழுதறதான்னு கேட்டல்ல?

ரெண்டும் ஒரே வார்த்தையோட பிள்ளைங்கதான். சாவுன்னா பெரீவ்ட். நம்பிக்கை போச்சு, போக்கிடம் இல்ல, இந்த மாதிரிக்கெல்லாம் பெரெஃப்ட், கூடவே ஒரு 'ஆஃப்' (of) ஒட்டிக்கும். செத்த வீட்டுக்காரங்களும் பெரெஃப்ட்னு சொல்லிக்கலாம், தப்பில்ல, ஆனா அது உள்ள வெறிச்சோடி கெடக்குறத சொல்றது, அத எதுக்கு மேனேஜர்கிட்ட சொல்லிக்கிட்டு, பெரீவ்ட் போதும்.

ராத்திரி தூக்கம் வராம அந்த பழைய டிக்‌ஷனரிய பொரட்டினேன். பழைய இங்கிலீஷ்ல 'ரீவ்'னா (reave) கொள்ளையடிக்கிறதாம், 'ராப்' (rob) கூட அதே வேர்தான். படிச்சதும் பாட்டிதான் ஞாபகம் வந்தாங்க. எனக்கு மூத்தவ ஒருத்தி மூணு வயசுல காய்ச்சல்ல போய்ட்டான்னு உனக்கு தெரியும், ஆனா பாட்டி ஒரு நாளும் அவ செத்துட்டான்னு சொன்னதில்ல. ஆஸ்பத்திரில நர்சு எத்தன பிள்ளைன்னு கேட்டா கூட "ஆறு, ஒண்ண பறிகொடுத்துட்டேன்"னுதான் சொல்வாங்க. ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுன பொம்பள, ஒரு எழுத்து இங்கிலீஷ் தெரியாது. (கோவம் வந்தா "கொள்ளையில போறவனே"ன்னு என்னைய திட்டுவாங்களே, அந்த கொள்ளை வாந்திபேதி மாதிரி நோய், ஆனா அதுவும் வந்து வாரிக்கிட்டு போறதுதானே.)

உங்க ஆஸ்திரேலியால சட்டப்படி ரெண்டு நாள் லீவுன்னு சொன்ன. சிரிக்காத, இங்க மலேசியாவுல 1955 தொழில் சட்டத்துல சாவுக்குன்னு தனி லீவே கெடையாது, மொதலாளி மனசு வச்சாதான். நமக்கோ கருமாதிக்கு பதினாறு நாள். நீ வரலன்னு யாரும் கொற சொல்லல, சின்ன அத்த மட்டும் ஏதோ மொணங்குச்சு, விடு.

பத்து லஞ்சாங் சுடுகாட்டுல எரிச்சிட்டு மறுநாள் அஸ்திய தெலுக் பாஹாங் கடல்ல கரைச்சோம், அலை ஜாஸ்தியா இருந்துச்சு, தம்பி காலு வழுக்கி பேன்ட்டெல்லாம் நனைஞ்சிட்டான்.

ஃபாரத்துல பாட்டி பேர நீயா எழுதிடாத. ஐசில, அதான் அடையாள அட்டையில, அந்த காலத்து கிராணி (கிளார்க்கு) எவனோ காதுல விழுந்தபடி ஸ்பெல்லிங் போட்டு வச்சிருக்கான், டெத் சர்டிபிகேட்லயும் அப்படியேதான் வந்திருக்கு. படம் புடிச்சு வாட்ஸாப்ல அனுப்புறேன், அத பாத்து எழுது.

அப்பா