முயலில் வெற்றி என்றால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் செயற்கை எலும்பு பற்றி வந்த கட்டுரையின் கடைசி வரியை மூன்று முறை படித்தேன். முயல்களில் சோதனை வெற்றி பெற்றுவிட்டதாம். முள்ளெலும்புகளை அசையாமல் ஒன்றாகச் சேர்த்து முதுகெலும்பை இணைக்கும் அறுவை சிகிச்சையில், நடுவே வைப்பதற்கு இனி நோயாளியின் இடுப்பிலிருந்து எலும்பை வெட்டி எடுக்க வேண்டியதில்லையாம். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்!

நான் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவன். 11 ஆண்டுகள் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் விலங்குக் கூடத்தில் இருந்தேன். இதே சோதனைக்கு உள்ளான முயல்களுக்கு வலி மருந்து போட்டவன். கீழ்முதுகில் இரண்டு முள்ளெலும்புகளின் பக்க நீட்சிகளை ரத்தம் கசியும்வரை சுரண்டி, நடுவே செயற்கைத் துகள்களை வைத்துத் தைப்பார்கள். முயல் கத்தாது. கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்தபடி கூண்டு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தட்டில் புழுக்கை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் மறுநாள் காலையில் என் முதல் வேலை. வைத்த கொத்தமல்லித் தழை தொடாமல் வாடிக் கிடந்தால் எனக்கும் சோறு இறங்காது. தாங்களோ கட்டுரைக்கு மேலே கேரட் கடிக்கும் முயலின் படத்தைப் போட்டிருக்கிறீர்கள்.

சில வாரங்கள் கழித்து அவற்றைக் கொன்று, முதுகெலும்பை எடுத்து, எதற்கு எதை வைத்தார்கள் என்று அறியாத ஒருவர் கையால் வளைத்துப் பார்ப்பார். அசைந்தால் சேரவில்லை; அசையாவிட்டால் சேர்ந்துவிட்டது. அமெரிக்காவில் முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஸ்காட் போடன் குழுவினர் 1995இல் வெளியிட்ட முயல் ஆய்வில், சொந்த இடுப்பெலும்பை வைத்தவற்றிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒன்று சேரவில்லை. அப்படியிருக்க, எத்தனை முயல்கள், எத்தனை சேர்ந்தன, எதோடு ஒப்பிட்டார்கள் என்று சொல்லாமல் வெற்றி என்று எப்படி எழுதுவது? எத்தனை முயல் வேண்டும், ஏன் வேண்டும் என்று விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் நம் நாட்டில் அனுமதியே கிடைக்கும். தங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எலும்பு வளரத் தூண்டுவதற்காக அந்த இடத்தில் வைக்கும் பி.எம்.பி.-2 புரதத்தின் கதை தங்களுக்குத் தெரியாததல்ல. முயலுக்குப் போதுமான செறிவு குரங்குக்குப் போதவில்லை. மனிதனுக்கு மிக அதிகமாகக் கொடுக்க நேர்ந்தது. 2002இல் அமெரிக்கா அனுமதித்தது. 2008இல், கழுத்தில் பயன்படுத்தினால் வீங்கி மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும் என்று அந்த நாடே எச்சரித்தது. நிறுவனங்களின் பணத்தில் நடந்து, 780 நோயாளிகளைப் பற்றி வந்த 13 கட்டுரைகளில் இந்தப் புரதத்தால் ஒரு பாதிப்புகூடப் பதிவாகவில்லை என்று 2011இல் முதுகெலும்பு மருத்துவர்களின் இதழே அம்பலப்படுத்தியது. இவ்வளவுக்குப் பிறகும் அவசரமா?

சென்ற ஆண்டும் ‘தண்டுவடத்தை இணைக்கும் சிகிச்சை’ என்று எழுதினீர்கள். இணைப்பது முதுகெலும்பை, தண்டுவடம் அதனுள்ளே ஓடும் நரம்பு. அப்போதும் கடிதம் எழுதினேன், வெளியிடவில்லை. எலிகளுக்குப் புற்றுநோய் குணமானதை முதல் பக்கத்தில் போட்டபோதும் எழுதினேன். பதில் இல்லை. முப்பது ஆண்டு வாசகன் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

இந்த முறை என்னால் முடியவில்லை. என் அக்காவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சிகிச்சை நடந்தது. முதுகு தேறிவிட்டது, எலும்பு எடுத்த இடுப்புதான் இன்றும் மாடிப்படி ஏறும்போது அவரை நிற்க வைக்கிறது. அடுத்த மாதம் முதுகெலும்பில் அதற்கு மேல் மூட்டுக்கு மறுபடியும் அறுவை. தங்கள் கட்டுரையைக் கத்தரித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார். மருத்துவரிடம் காட்டி, இடுப்பில் கைவைக்க விடமாட்டேன் என்று சொல்லப் போகிறாராம். என் பேச்சு எடுபடவில்லை. பத்திரிகையிலேயே போட்டிருக்கிறதே என்கிறார்.

இந்தச் சோதனைகளே கூடாது என்பவன் அல்ல நான். அவருக்காகவாவது ஒரு நல்ல மாற்று வரவேண்டும் என்றுதான் தவிக்கிறேன். நான் கேட்பது ஒரு திருத்தம்: இது முயல்களில் மட்டுமே நடந்த சோதனை, எத்தனை முயல்களில் எத்தனை சேர்ந்தன என்ற விவரத்தோடு. வரும் ஞாயிறன்று அதே பக்கத்தில், சற்றுப் பெரிய எழுத்தில் போடுங்கள். அக்காவுக்கு 74 வயது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்