தயங்குறவங்கள மூடநம்பிக்கைக்காரங்கன்னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தடுப்பூசி போட தயங்குறவங்க பத்தி ஆராய்ச்சி பண்ற ஹைடி லார்சன் பத்தின கட்டுரை படிச்சேன், ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. குழந்தைங்களுக்கு ஊசி போடுற நர்ஸ் நான், இத யாராவது நிதானமா எழுத மாட்டாங்களான்னு ஏங்கிட்டு இருந்தவ. ஆனா தலைப்புல "மூடநம்பிக்கை"ன்னு போட்டுட்டீங்க. தயக்கத்துக்கு பின்னாடி ஒரு காரணம் இருக்கும், அத காது குடுத்து கேக்கணும்னு அந்த அம்மா இத்தன வருஷமா சொல்லிட்டு வர்றாங்க, அதுக்கு இது நேர் எதிர், அதனாலதான் இந்த லெட்டர்.

லார்சன் டாக்டர் கிடையாது, மானுடவியல் படிச்சவங்க. யூனிசெஃப்ல வேல பாத்துட்டு அப்புறம் 2010ல லண்டன்ல தடுப்பூசி மேல மக்களுக்கு இருக்குற நம்பிக்கைய கண்காணிக்கிறதுக்குன்னே ஒரு குழு ஆரம்பிச்சாங்க. உதாரணத்துக்கு, 2003ல வடக்கு நைஜீரியால கானோ பக்கம் போலியோ சொட்டு மருந்தே வேணாம்னு நிறுத்தி வச்சாங்க, இது போட்டா குழந்தை பொறக்காது எச்ஐவி வரும்னு பேச்சு. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு இது வெறும் வதந்தி. ஆனா அதே கானோல 1996ல மூளைக்காய்ச்சல் பரவுனப்ப ஒரு வெளிநாட்டு மருந்து கம்பெனி குழந்தைங்க மேல புது ஆன்டிபயாடிக்க சோதிச்சு பாத்து அது கோர்ட்டு கேஸுன்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு. அத பாத்த ஜனங்க அடுத்த தடவ வெளியாளுங்க சொட்டு மருந்தோட வீட்டு வாசல்ல வந்து நின்னா பயப்படத்தானே செய்வாங்க. கடைசில 2004ல அந்த மருந்து சரியா இருக்கான்னு சோதிக்கிற வேலைல அங்க இருக்குற தலைவர்களயும் சேர்த்து, இந்தோனேஷியால தயாரான மருந்த வாங்குறதுன்னு முடிவான பிறகுதான் ஒத்துக்கிட்டாங்க. அதுக்குள்ள போலியோ ஒழிஞ்சிருந்த எத்தனையோ நாட்டுக்கு அது திரும்ப பரவிடுச்சு. அறிவுரை சொல்லி தீர்ந்த பிரச்சன இல்ல இது, உக்காந்து பேசி தீர்ந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019ல உலகத்துக்கே இருக்குற பெரிய பத்து சுகாதார ஆபத்துல ஒண்ணா இந்த தயக்கத்த சேர்த்துச்சு. அவங்க நிபுணர் குழு சொன்ன காரணத்துல நம்பிக்கை இல்லாதது ஒண்ணுதான், நோயே கண்ணுல படாததால வர்ற அலட்சியம் ஒண்ணு, ஊசி போடுற இடம் தூரம் நேரம் ஒத்து வரலங்குறது இன்னொண்ணு. கூலி வேலைய விட்டுட்டு வர முடியாத அம்மாவயும் ஊசியே சதின்னு பிரச்சாரம் பண்றவரயும் ஒரே கணக்குல சேக்குறது ரொம்ப தப்பு.

இப்ப நோயாளிக்கு சொல்லிக் குடுக்குறதுக்கு வருவோம். நம்ம ஆளுங்க நெனக்கிறது, நோட்டீஸ் அடிச்சு குடுத்தா போதும், இல்லன்னா அம்மை வந்த குழந்தை போட்டோவ காட்டி பயமுறுத்துனா போதும்னு. 2014ல அமெரிக்கால 1,759 பெற்றோர வச்சு பண்ண ஒரு ஆய்வுல இது எல்லாத்தயும் பண்ணி பாத்துட்டாங்க. எம்எம்ஆர்ங்குற தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா தடுப்பூசியால ஆட்டிசம் வராதுன்னு விளக்கம் குடுத்தா அந்த தப்பான நம்பிக்கை குறையுது, ஆனா ஏற்கனவே ரொம்ப தயங்குனவங்களுக்கு ஊசி போடணும்ங்குற எண்ணமும் சேர்ந்து குறையுது. நோய் வந்த குழந்தைங்க படத்த காட்டுனா ஆட்டிசம் பயம் இன்னும் கூடுது. குடுத்து பாத்த நாலு வழில ஒண்ணு கூட போடணும்ங்குற எண்ணத்த கூட்டல. இத படிச்சுட்டு எனக்கு கொஞ்ச நாள் மனசே சரியில்ல, ஏன்னா நாங்க செவுத்துல ஒட்டி வச்சிருக்குறது முக்காவாசி அதுதான்.

அப்ப எதுதான் வேல செய்யுதுன்னா, எதிர்ல உக்காந்து பேசுறது, அதுவும் எப்படி பேசுறோம்ங்குறது. 2013ல டக்ளஸ் ஓபல்னு குழந்தை டாக்டரும் அவர் குழுவும் டாக்டரும் பெத்தவங்களும் பேசுன 111 பேச்சுகள வீடியோ எடுத்து பாத்தாங்க. "இன்னிக்கு இந்த ஊசி போடணும்"னு ஆரம்பிச்ச இடத்துல வேணாம்னவங்க நூத்துக்கு 26 பேர், "ஊசி விஷயத்துல என்ன பண்ணலாம்னு இருக்கீங்க"ன்னு ஆரம்பிச்ச இடத்துல 83 பேர். ஆனா எனக்கு பெருசா பட்டது வேற, மொதல்ல வேணாம்னு சொன்னவங்க கிட்ட டாக்டர் விட்டுடாம எடுத்து சொன்னப்ப கிட்டத்தட்ட பாதிப் பேர் ஒத்துக்கிட்டாங்க. அப்ப முதல் தடவ சொல்ற "வேணாம்" நெறய பேருக்கு முடிவு இல்ல, கேள்வி. கனடால க்யூபெக்ல குழந்தை பொறந்த வார்டுலயே பயிற்சி எடுத்தவங்க வந்து அம்மாவோட சந்தேகத்த முழுசா கேட்டு, அனுமதி கேட்டுட்டு தகவல் சொல்றாங்க, அதனால ஊசி போடுறது கூடியிருக்கு.

என் அனுபவத்துல சொல்றேன், பின்விளைவ மறைச்சா நம்பிக்கை போயிடும். ஊசி போட்ட இடம் வீங்கும், காய்ச்சல் வரும், தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு கூட காய்ச்சல் வரும், வலிப்பு வந்தாலோ மூச்சு திணறினாலோ உடனே தூக்கிட்டு வாங்கன்னு முன்னாடியே சொல்லிட்டா ராத்திரி குழந்தை அழுறப்ப அந்த அம்மா பதற மாட்டாங்க. சொன்னத அவங்கள திருப்பி சொல்ல சொல்லணும், புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் தலையாட்டத்தான் செய்வாங்க. இதுக்கு நேரம் வேணும், வெளிய பெரிய வரிசை நிக்கிறப்ப ஒரு நர்ஸால அத குடுக்க முடியல. ஆள் போடாம கவுன்சிலிங் பண்ணுங்கன்னு உத்தரவு மட்டும் போட்டா நடக்காது.

பேப்பர் பங்கும் இருக்கு சார். ஜப்பான்ல கருப்பை வாய் புற்றுநோய் தடுப்பூசி போட்ட பொண்ணுங்களுக்கு வலி வந்துச்சு வலிப்பு வந்துச்சுன்னு செய்தி மேல செய்தி வந்து 2013 ஜூன்ல அரசாங்கமே பரிந்துரை பண்றத நிறுத்துச்சு. சுமார் 70 சதவீதம் பேர் போட்டுட்டு இருந்தது 1 சதவீதத்துக்கும் கீழ போயிடுச்சு. அப்புறம் அங்க நகோயா நகரத்துல ஆயிரக்கணக்கான பொண்ணுங்கள வச்சு பாத்தப்ப ஊசி போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் அந்த அறிகுறில வித்தியாசம் இல்ல, ஆனாலும் பரிந்துரை திரும்ப முழுசா வர 2022 ஆயிடுச்சு. பசிபிக் கடல்ல இருக்குற சமோவாங்குற தீவு நாட்டுல 2018ல ரெண்டு குழந்தைங்க ஊசி போட்ட உடனே இறந்துச்சு, காரணம் ஊசி மருந்து இல்ல, கலக்க வேண்டிய தண்ணிக்கு பதிலா வேற மருந்த கலந்துட்டாங்க. அந்த பயத்துல ஊசி போடுறது விழுந்து, அடுத்த வருஷம் தட்டம்மை வந்து 83 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் அஞ்சு வயசுக்குள்ள. ஒரு நர்ஸா என்னால அத சாதாரணமா படிக்க முடியல.

அதனால ரெண்டே விண்ணப்பம். ஊசி போட்ட பிறகு ஒரு குழந்தை இறந்துடுச்சுன்னு முதல் பக்கத்துல போட்டா, விசாரணைல என்ன தெரிஞ்சதோ அது நல்லதோ கெட்டதோ அதையும் அதே பக்கத்துல அதே அளவுல போடுங்க. வாரத்துல ஒரு நாள் ஒரு கால் பக்கம் ஒதுக்கி வாசகர்கள் தடுப்பூசி பத்தி அனுப்புற கேள்வி எதுவானாலும் டாக்டரயும் எங்கள மாதிரி ஊசி போடுறவங்களயும் வச்சு பதில் போடுங்க, எழுதி குடுக்க நான் ரெடி.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி, ஒரு செவிலியர்