பேட்டரி தீர்வதற்குள் பிரதி எடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கையடக்க வீடியோ கேம் கருவிகளைத் தேடி வாங்கிப் புதுப்பிப்போர் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். திரையையும் பட்டன்களையும் மேலுறையையும் மாற்றும் விதம் அதில் நன்றாகவே விளக்கப்பட்டிருந்தது. ஆனால், விளையாட்டைத் தாங்கியபடி கருவியில் செருகப்படும் கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டிக்குள் இருக்கும் சிறிய பேட்டரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருபத்தைந்து ஆண்டுப் பழைய கார்ட்ரிட்ஜை வைத்திருப்பவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது அந்தப் பேட்டரியின் நிலைதான் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் மனத்தில் இருப்பது 'டிராகன் குவெஸ்ட் மான்ஸ்டர்ஸ்' என்ற விளையாட்டு. எனிக்ஸ் நிறுவனம் 1998 செப்டம்பரில் ஜப்பானில் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய்க்காக வெளியிட்ட இந்த விளையாட்டு, 2000ஆம் ஆண்டில் 'டிராகன் வாரியர் மான்ஸ்டர்ஸ்' என்ற பெயரில் அமெரிக்காவுக்கு வந்தது. கடத்திச் செல்லப்பட்ட அக்காவைத் தேடி, டெர்ரி என்ற சிறுவன் ஒரு மாபெரும் மரத்துக்குள் அமைந்த நாட்டுக்குப் போய்ச் சேர்கிறான். அங்குள்ள மாயக் கதவு ஒவ்வொன்றின் பின்னாலும் பல தளங்கள் கொண்ட ஒரு பாதாளம் இருக்கிறது. அந்தத் தளங்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகின்றன; நேற்று வழி இருந்த இடத்தில் இன்று வழி இருக்காது. எதிர்ப்படும் மான்ஸ்டருடன் சண்டையிடும்போதே அதன் முன் இறைச்சித் துண்டை வீசலாம். தோற்ற பிறகு அது நம்முடன் வரச் சம்மதிக்கலாம், சம்மதிக்காமலும் போகலாம்.

இதன் உயிர்நாடி, பிராணிகளை இணைசேர்க்கும் முறைதான். பத்தாம் நிலையை எட்டிய ஓர் ஆணையும் பெண்ணையும் இணைத்தால் ஒரு முட்டை கிடைக்கும். பெற்றோர் இரண்டும் அத்துடன் நம்மை விட்டுப் பிரிந்துவிடும். குட்டி முதல் நிலையிலிருந்துதான் தொடங்கும் என்றாலும், பெற்றோரின் திறன்களைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதற்கு உண்டு. மொத்தம் 215 வகை மான்ஸ்டர்கள் உள்ள இந்த விளையாட்டில், எதை எதனுடன் சேர்த்தால் எது பிறக்கும் என்று கண்டறிவதற்கே மாதக்கணக்கில் ஆகும். நடந்த பாதாளம் நடந்து முடித்ததும் கலைந்துவிடுகிறது; வளர்த்த பிராணியும் ஒரு தலைமுறையோடு விடைபெற்றுவிடுகிறது. நிலைத்திருப்பது அந்த வம்ச வரிசை மட்டுமே. அந்த வரிசையை வேறு எவராலும், ஏன், நாமே மறுபடி ஆடினாலும், அப்படியே திரும்ப உண்டாக்க முடியாது.

அந்த வரிசை எங்கே இருக்கிறது என்பதுதான் கவலைக்குரியது. விளையாட்டின் நிரல் தொழிற்சாலையிலேயே ஒரு சில்லில் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டுவிடுகிறது. அதற்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் கேடில்லை. நாம் சேமிக்கும் பதிவோ இன்னொரு நினைவகச் சில்லில் இருக்கிறது; கருவி அணைந்திருக்கும்போது நாணய வடிவிலான ஒரு லித்தியம் பேட்டரிதான் அதைக் காத்து நிற்கிறது. 1999இல் வந்த போகிமான் கோல்டு, சில்வர் என்ற விளையாட்டுகளின் கார்ட்ரிட்ஜ்களில் ஓயாமல் ஓடும் கடிகாரமும் இதே பேட்டரியை நம்பியிருப்பதால் அவற்றின் பேட்டரி இன்னும் விரைவில் தீர்கிறது. பேட்டரி செத்துப்போனாலும் விளையாட்டு வழக்கம்போல் ஓடும், சேமிக்கவும் செய்யும். அணைத்துவிட்டு மறுபடி போடும்போதுதான் பதிவு இல்லை என்பது தெரியவரும்.

என் தம்பியும் நானும் ஒரே கார்ட்ரிட்ஜில் மாறி மாறி விளையாடினோம். விளையாட்டின் தொடக்கத்தில் அந்த நாட்டு அரசர் கொடுக்கும் ஸ்லைம் என்ற மான்ஸ்டரின் வழியிலேயே பதினோரு தலைமுறை வளர்த்திருந்தோம். கடைசிக் குட்டிக்குப் பெயர் வைத்தவன் அவன். சில ஆண்டுகளுக்கு முன், பதிவு இன்னும் இருக்கிறது என்று பார்த்து மகிழ்ந்து, அது என்றும் பத்திரமாக இருக்கட்டும் என்ற எண்ணத்தில் பேட்டரியை மாற்றித் தருமாறு பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் பற்றவைப்பை நேர்த்தியாகச் செய்திருந்தார். ஆனால், பழைய பேட்டரியைக் கழற்றிய நொடியிலேயே நினைவகம் வெறுமையாகிவிடும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் அறிந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து கருவியைப் போட்டபோது கதை முதலிலிருந்து தொடங்கியது. அரசர் மீண்டும் அதே ஸ்லைமைக் கொடுத்தார்.

இந்த இழப்பைத் தவிர்ப்பது கடினமன்று. கார்ட்ரிட்ஜைக் கணினியுடன் இணைக்கும் ரீடர் கருவிகள் கிடைக்கின்றன. சில கிலோபைட் அளவே உள்ள பதிவை அவற்றின் வழியே கோப்பாகப் பிரதி எடுத்துவிட்டு, பேட்டரியை மாற்றிய பின் அதையே திரும்ப எழுதிவிடலாம். புதிய பேட்டரி, பற்றவைப்பதற்கான உலோகத் தகடு பொருத்தப்பட்டதாக இருக்க வேண்டும். பேட்டரியின் மேல் நேரடியாகச் சூடு வைத்தால் அது வெடிக்கக்கூடும். பழுதுபார்ப்போர் ஒவ்வொருவரும் கார்ட்ரிட்ஜைத் திறப்பதற்கு முன், "உள்ளே பதிவு இருக்கிறதா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

விளையாட்டுகளைப் பாதுகாப்பது பற்றி இப்போது பேச்சு எழுந்திருப்பது உண்மை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று பழைய விளையாட்டுகளைப் பாதுகாக்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் தெரிவித்தது. நான் சொல்லும் விளையாட்டு 2012இல் நின்டெண்டோ 3டிஎஸ் கருவிக்காகப் புதுப்பித்து உருவாக்கப்பட்டது. ஆனால் அந்தப் பதிப்பு ஜப்பானைத் தாண்டவில்லை. அந்தக் கருவிக்கான இணைய விற்பனையகமும் 2023 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது. மறுவெளியீடுகள் வந்தாலும், பழைய கார்ட்ரிட்ஜில் வளர்த்த பிராணிகளை அவற்றுக்குள் கொண்டுவர வழி செய்தால்தான் என் போன்றோருக்கு அவை முழுமையாகப் பயன்படும். நிறுவனங்கள் இதை ஒரு சலுகையாகக் கருதாமல், வாங்கியவருக்குச் சேர வேண்டியதாகவே கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுப் பலர் இந்த வாரமே பழைய கார்ட்ரிட்ஜ்களைத் திறந்து பார்க்கக்கூடும். அவர்கள் திருகாணியைக் கழற்றுவதற்கு முன் இக்கடிதம் அவர்கள் கண்ணில் படுமாறு விரைந்து வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்