ஐம்பதுக்குள் நீந்த வேண்டும்

திருகோணமலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இன்னும் பத்து வருடத்தில் என்ன செய்ய ஆசை என்று கேட்டிருக்கிறாய். ரொறன்ரோக் குளிருக்குள் அடைந்து கிடந்தால் இப்படியெல்லாம் கேள்வி வருமோ! இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. மகள் என்ன படிக்கிறாள், காணி எழுதியாச்சா, யார் வெளிநாடு போகிறார்கள், அவ்வளவுதான்.

சாம்பல்தீவுப் பக்கம் துண்டுக் காணி, ஒரு கிணறு, நாலு தென்னை என்று நான் சொல்லித் திரிந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சீட்டுப் போட்டுத்தான் அந்தக் காசைச் சேர்த்தேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியதும் சீமெந்து விலையைக் கேட்கவே பயம் வந்துவிட்டது. காணி வாங்கினால் வீடு கட்டக் காசில்லை. ஆசையை விடவில்லை, ஆனால் அதைக் கட்டி அழுதுகொண்டிருக்கவும் மனமில்லை.

காசு கேட்காத ஆசை ஒன்று இருக்கிறது. சிரிக்காதே, நீந்தப் பழக வேண்டும். கோணேசர் கோயிலடியில் கடலைப் பார்த்தபடி வளர்ந்தோம், ஆனால் நீச்சல் தெரியாது. அண்ணன்மார் கடலில் குதிப்பார்கள், நாம் கரையில் அவர்களுடைய சட்டைக்குக் காவல். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு அம்மா கால் நனைக்கக்கூட விடவில்லை. அவ போய்விட்டா, அந்தப் பயம் மட்டும் முதுசம் போல என்னிடம் இருக்கிறது.

சரி, தொடங்கிவிட்டேன். ஞாயிறு விடிகாலையில் உப்புவெளிக்கு அக்காவின் மகளோடு போகிறேன். நீளச் சட்டையும் லெகின்ஸும்தான். கரைவலை இழுக்கிறவர்கள் முதலில் பார்த்தார்கள், அப்புறம் அவர்களுக்கு வலைதான் பெரிதாகிவிட்டது. மல்லாந்து படுத்துக் காது மூழ்கும் வரை தலையை விட்டால் கரைச் சத்தமெல்லாம் நின்று நம் மூச்சு மட்டும் கேட்கும். மூச்சை உள்ளே பிடித்தால் நெஞ்சு மேலே வரும். பயத்தில் தலையைத் தூக்கினாயோ, உடனே இடுப்பு இறங்கி மூக்குக்குள் உப்புத் தண்ணீர். இப்போதைக்கு மிதப்பேன், அவ்வளவுதான். கை வீசுவது இனித்தான்.

ஐம்பது வயதாவதற்குள் புறாத்தீவில் முகத்துக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பவளப்பாறையைப் பார்த்துவிட வேண்டும். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். எங்கிருந்தெல்லாமோ சனம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. நான் படகில் இருந்தபடி எட்டிப் பார்த்ததோடு சரி.

மகள் கம்பஸ் முடித்ததும் வெளிநாடு போகப் போகிறாளாம். போகட்டும். நம் வயதுப் பெண்களிடம் ஆசை என்னவென்று கேட்டால் பிள்ளையின் படிப்பைத்தான் சொல்கிறார்கள். அது அவளுடைய ஆசை, அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

ஓய்வு பெற்றதும் இங்கேயே வந்து இருக்கப் போவதாக நீ எழுதியிருப்பது சந்தோஷம்தான். ஆனால் முதலில் ஒரு மாதம் இருந்து பார். நுளம்பையும் வைகாசி வெயிலையும் நீ மறந்திருப்பாய். விடுமுறை என்று டிசம்பரில் டிக்கெட் போட்டுவிடாதே, வாடைக்குக் கடல் கலங்கிக் கிடக்கும், இறங்கவே முடியாது. சித்திரை கழித்து வா. வரும்போது உனக்கும் எனக்கும் நீச்சல் கண்ணாடி வாங்கி வா.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி