உனக்கு முன்னாலேயே போன மணி

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு காலை

கவிதா கண்ணுக்கு அம்மா எழுதுவது.

போன வாரம் போனில், "இந்த ஊர்ல தமிழ் எழுத்தைப் பார்த்தே மாசக்கணக்காச்சும்மா" என்றாயே, அது மனசிலேயே நின்றுவிட்டது. உன் வெலிங்டனிலேயே ஒரு தமிழ் எழுத்து இருக்கிறது, தெரியுமா? தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிற பழைய வெண்கலக் கப்பல் மணி.

1830களில், கிறிஸ்தவ மிஷனில் அச்சு வேலை பார்த்த வில்லியம் கொலென்சோ என்ற வெள்ளைக்காரர், நியூசிலாந்தின் வடக்கே வாங்காரே பக்கம் அதைப் பார்த்திருக்கிறார். அந்த மண்ணின் பூர்வகுடி மாவோரிப் பெண்கள் அதைத் தலைகீழாக, வாய் மேலே பார்க்க வைத்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம்! புயலில் சாய்ந்த மரத்தின் வேருக்கடியில் கிடைத்தது என்று சொன்னார்களாம். மணியைச் சுற்றி எழுத்து: "முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி." பக்‌ஷ் என்ற பேர்தான் வக்குசு ஆகியிருக்கிறது. யாரோ தமிழ் முஸ்லிம் கப்பல்காரர் போல. அந்த 'உடைய' இரண்டு தடவை வருவதைப் பார், வாயால் சொல்லச் சொல்ல வெட்டின மாதிரி இல்லை? அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மணியில் கிழங்கு அவித்ததைக் கேட்டுச் சிரிக்காதே. உன் பாட்டி, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற பால் மங்கில்தான் உப்பு போட்டு வைத்திருந்தார். கையில் கிடைத்தது பாத்திரம், அவ்வளவுதான்.

பால் மங்கு என்றதும் இன்னொன்று. பதினெட்டு வருஷம் விடியலில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓடி, கித்தா மரத்தில், அதுதான் ரப்பர் மரத்தில், பால் வெட்டினேன். அந்த மரம் இந்த ஊர் மரமே இல்லை, பிரேசிலில் இருந்து வந்தது என்று எங்களை மேய்த்த ஒரு தண்டலும் சொன்னதில்லை. 1876ல் விக்காம் என்பவர் அங்கிருந்து 70,000 விதையை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது என்னவோ சுமார் 2,700தான். அடுத்த வருஷம் 22 கன்று சிங்கப்பூர் வந்தது. அதில் ஒன்பது நம்ம பக்கத்துக் கோலகங்சாருக்கு! ஒரு மரம் இன்னும் நிற்கிறது, நில அலுவலகத்துக்குப் பக்கத்தில். நிலப் பட்டா விஷயமாக எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருப்பேன், திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. போன மாசம்தான் நின்று பார்த்தேன். பட்டையைத் தொட்டதும் கை தானாகக் கத்தியைத் தேடியது, போ.

சரி, ஒரு நாள் லீவு போட்டுத் தே பாப்பாவுக்குப் போய் வா. மணியைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று முதலில் போன் பண்ணிக் கேட்டுக்கொள். படம் எடுத்தால் எழுத்து தெரிகிற மாதிரி கிட்டப் போய் எடு. போன தடவை கடல் படம் அனுப்பினாயே, அதில் உன் கட்டைவிரல்தான் பாதி.

பாட்டியின் மங்கில் இப்போது கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறேன். இரண்டு இலை விட்டிருக்கிறது.

அம்மா