நீலகிரி எஞ்சினைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு

அன்பு உள்ளங்களுக்கு வணக்கம்.

நீலகிரி மலை ரயில் எஞ்சின்களைப் பற்றிய நம் சிறு கண்காட்சி போன ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக நடந்தேறியது. பேசி வைத்திருந்த மண்டபம் இரண்டு நாள் இருக்கும்போது கைவிரித்துவிட்டது. செய்தி தெரிந்த அன்று மாலையே தம் வாசலைக் காலி செய்து, "இங்கேயே வைத்துக்கொள் தம்பி" என்றார் எதிர்வீட்டு அக்கா. அவருக்கே முதல் நன்றி.

செந்தூல் ரயில் பணிமனையில் இளவயதில் நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்த்த ஐயாவுக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது? "நம் மலேசிய ரயிலும் மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை; அதுவும் மீட்டர் கேஜ். அங்கே மட்டும் நடுவில் எதற்குப் பல்?" என்று பிள்ளைகளிடம் கேட்டுத்தான் தொடங்கினார். கல்லாறு நிலையத்தைத் தாண்டினால் 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கும். அதனால் எஞ்சினின் பற்சக்கரம் பற்றி ஏற, தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பற்சட்டங்கள், ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம். தச்சு வேலை செய்யும் மாமா அவற்றை மெராந்தி மரத்தில் கையாலேயே அறுத்துக் கொடுத்திருந்தார். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பற்சக்கரத்தை மெல்ல உருட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்று விடும்போது இன்னொன்று பிடித்துக்கொள்கிறது" என்றாள். ஐயா அப்படியே அவள் தலையில் கைவைத்தார்.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த எக்ஸ் வகை எஞ்சின்கள் 1914 முதல் நீலகிரிக்கு வந்தன. கடைசி ஐந்தும் 1952இல். நான்கு சிலிண்டர்கள். பற்சட்டம் உள்ள இடத்தில், சக்கரங்களை ஓட்டி முடித்த நீராவி புகைபோக்கிக்குப் போகாமல் மற்ற இரண்டு சிலிண்டர்களுக்குள் புகுந்து பற்சக்கரத்தையும் சுழற்றுகிறது. ஒரே ஆவி இரண்டு முறை உழைக்கிறது! இதைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்து காட்டிய தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு என் வணக்கம்.

என் அம்மா குன்னூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கி, 1908இல் உதகையை எட்டிய அந்த ரயிலைப் பார்த்து வளர்ந்தவர். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுவதையும், பெட்டிக்கு ஒருவராக பிரேக்ஸ்மேன்கள் கொடியோடு நிற்பதையும் அன்று வாய் ஓயாமல் சொன்னார். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்ட அண்டை வீட்டார் அனைவருக்கும் நன்றி.

திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே இந்த எஞ்சின்களைப் புதிதாகச் செய்கிறார்கள் என்றபோது ஐயாவின் கண்கள் கலங்கின. "நம் ஆட்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

தோசை வார்த்த தங்கைகளுக்கும் நாற்காலி சுமந்த இளைஞர்களுக்கும் நன்றி. மரப் பற்சட்டம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. எந்தத் தமிழ்ப்பள்ளி கேட்டாலும் நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.