மணிக்கு, தாமதமாக

அன்புள்ள மணி,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். வசவுகளை நேரில் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். உன் விசில் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, திருப்பித் தரும் உத்தேசமில்லை.

என்னை எழுத உட்காரவைத்தது ஒரு படம். 1994இல் வெளிவந்த 'ஹூப் ட்ரீம்ஸ்' என்னும் ஆவணப்படம். ஆர்தர், வில்லியம் என்ற சிகாகோவின் இரண்டு ஏழைக் கறுப்பினச் சிறுவர்களை, 14 வயது முதல் கல்லூரி வாசல்வரை கேமரா பின்தொடர்கிறது. அரைமணி நேரப் படமாகத் தொடங்கிய வேலை, ஏறத்தாழ 5 ஆண்டுகளில் 250 மணி நேரப் பதிவாகப் பெருகிவிட்டதாம்.

இருவரையும் கூடைப்பந்துக்காகவே ஒரு கத்தோலிக்கப் பள்ளி சேர்த்துக்கொள்கிறது. தினமும் ஒன்றரை மணி நேரப் பயணம். ஆர்தர் எதிர்பார்த்தபடி வளரவில்லை, கட்டணமும் பாக்கி என்றதும் பாதியிலேயே வெளியேற வேண்டியதாகிறது. அதே ஆர்தர்தான் 1991இல் மார்ஷல் என்ற அரசுப் பள்ளியோடு மாநிலத்தில் மூன்றாமிடம் பெறுகிறான். மாதம் 268 டாலர் அரசு உதவித்தொகையில் பிள்ளைகள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று நீங்கள் யோசித்ததுண்டா என அவன் தாய் ஷீலா நம்மைப் பார்த்துக் கேட்கிறார். பின்னர் செவிலியர் உதவியாளர் பயிற்சியில் அவரே முதல் மாணவி என்று அறிந்ததும் அழுதபடியே சிரிக்கிறார். படத்தின் மிகப் பெரிய வெற்றி அதுதான் என்பது என் கட்சி. "அப்பா, நீங்கள் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை" என்றான் அதைக் கேட்ட என் மகன்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதவன் வில்லியம். கட்டணத்துக்குப் புரவலர் உண்டு, கல்லூரிகளின் கடிதங்கள் குவிகின்றன, தன்னால் எட்ட முடியாததைத் தம்பி எட்டிவிடுவான் என்று நம்பும் அண்ணனும் இருக்கிறான். முழங்கால் மட்டும் கைவிட்டுவிடுகிறது. பெரிய ஆட்டக்காரனானதும் எங்களை மறந்துவிடாதே என்று எல்லோரும் சொல்கிறார்களே, நான் ஆகாமல் போனால் நீங்கள் என்னை மறந்துவிடாதீர்கள் என்று திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறான் இறுதியில்.

அதற்குமேல் நான் படத்தைப் பார்க்கவில்லை, மணி, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவட்ட அணிக்குத் தேர்வான மறுவாரமே உன் முட்டி போயிற்று. நீ கட்டோடு கிடந்த மூன்று மாதத்தில் நான் இரண்டே முறைதான் வந்தேன். இரண்டாவது முறை வந்தது, அந்த விசிலை வாங்கிக்கொண்டு போவதற்காக.

அன்புடன்,
சேகர்